மூலிகை டீ குடிக்கிறேன், பிரஷர் ஏன் ஏறுகிறது டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 59. கணக்கு ஆசிரியை. அடுத்த மே மாதம் ஓய்வு. மூன்று வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40, ஆம்லோடிபின் 5 என்று இரண்டு மாத்திரை போடுகிறேன். சர்க்கரை இல்லை. ஆயுசுக்கும் மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்று பலரும் சொன்னதால், நான்கு மாதமாக ஒரு மூலிகை டீ பொடி வாங்கிக் கொதிக்க வைத்து, தினம் மூன்று டம்ளர் குடிக்கிறேன். பாக்கெட்டில் போட்டிருப்பவை: மருதம்பட்டை, செம்பருத்தி, அதிமதுரம், ஆவாரம்பூ, சுக்கு, ஏலக்காய். சமையலுக்கு இந்துப்புதான். பூண்டு நல்லது என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பூண்டு ஊறுகாய். இரண்டு மாதமாக டெல்மிசார்ட்டனைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். போன வாரம் பேங்க்கிலிருந்து திரும்பும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் பார்த்தபோது 164/98. இரண்டு மாதமாகக் கணுக்கால் வீங்குகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. இது மாத்திரையின் பக்கவிளைவா? மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு நல்ல மூலிகைக்கு மாறலாமா? பாக்கெட் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுக்கலாமா? அவருக்கும் பிரஷர்தான்.
— ஓர் ஆசிரியை, கும்பகோணம்

வணக்கம் டீச்சர்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து நீங்கள் எழுதி அனுப்பிய அந்த ஒரு வரிதான். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "ஏதோ மூலிகைப் பொடி டாக்டர், எல்லாம் இயற்கைதான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் பெயர் பெயராக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது பெயரில் என் கண் நின்றுவிட்டது. அதிமதுரம்.

இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பதுதான். பாடுகிறவர்கள் ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். நானும் சின்ன வயதில் மென்றிருக்கிறேன். பெயரிலேயே இருக்கிறது அதன் குணம்: மிஞ்சிய இனிப்பு. அந்த இனிப்பைத் தருவது கிளைசிரைசின் என்ற பொருள். டீ பொடியில் இதை ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. மருதம்பட்டையும் ஆவாரம்பூவும் துவர்க்கும். சர்க்கரை போடாமல் அது தொண்டையில் இறங்க வேண்டுமென்றால் இனிக்கிற வேர் ஒன்று வேண்டும்.

அந்த வேர் உடம்புக்குள் செய்கிற வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று புகார்களுக்கும் விடை அதில் இருக்கலாம். உப்பைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். கார்ட்டிசால் என்று இன்னொரு ஹார்மோன் இருக்கிறது. ரத்தத்தில் இது ஆல்டோஸ்டிரோனைவிடப் பல மடங்கு அதிகம். ஆல்டோஸ்டிரோன் திறக்கிற பூட்டை இதுவும் திறக்கும். கண்டபடி திறந்துவிடாமல் இருக்க, சிறுநீரகத்தில் ஒரு நொதி வாசலிலேயே உட்கார்ந்து கார்ட்டிசாலைச் செயலற்றதாக்கி அனுப்பிக்கொண்டிருக்கும். அதிமதுரம் அந்த வாசல்காரரைத் தூங்க வைத்துவிடுகிறது. அப்புறம் கார்ட்டிசாலுக்குக் கேட்பார் இல்லை. உப்பும் நீரும் உடம்பில் தேங்கும், பொட்டாசியம் சிறுநீரோடு வெளியே போகும். உப்புத் தேங்கினால் பிரஷர் ஏறும். நீர் தேங்கினால் கணுக்கால் வீங்கும். பொட்டாசியம் இறங்கினால் ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்.

நான் உங்களை நேரில் பார்க்கவில்லை. அதனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கணுக்கால் வீக்கம் ஆம்லோடிபினாலும் வரும், அது அந்த மாத்திரையின் பேர்போன குறை. ஆனால் அப்படி வருகிற வீக்கம் பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய சில மாதங்களிலேயே முகம் காட்டிவிடும். மூன்று வருடம் வராத வீக்கம் டீ தொடங்கிய பிறகு வந்தால், நான் முதலில் டீயைத்தான் சந்தேகப்படுவேன். இன்னொன்றும் இருக்கிறது. டெல்மிசார்ட்டன் பிரஷரைக் குறைப்பதோடு பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கும் குணமும் உள்ளது. முழு மாத்திரை போட்டவரை அதிமதுரத்தின் இழுப்புக்கு அது ஓரளவு எதிர்ப்பிடித்துக்கொண்டிருந்திருக்கும். நீங்கள் பாதியாக்கிய மாதமும் வீக்கம் வந்த மாதமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா?

எவ்வளவு குடித்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். கணக்கு டீச்சரிடம் கணக்காகவே பேசுகிறேன். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம் பொடி. மூன்று டம்ளருக்கு 9 கிராம். அதில் கால் பங்கு அதிமதுரம் என்று வைத்தால் இரண்டேகால் கிராம். கிளைசிரைசின் வேருக்கு வேர் வித்தியாசப்படும். நூற்றுக்கு நாலு என்று வைத்துக்கொள்வோம், 90 மில்லிகிராம் வந்துவிடுகிறது. சுவீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான 28 இளைஞர்களுக்குத் தினமும் அதிமதுர மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் இருந்த கிளைசிரைசின் அளவு 100 மில்லிகிராம், பாதகமில்லை என்று பலரும் அதுவரை நினைத்திருந்த அளவு. இரண்டே வாரத்தில் பிரஷரின் மேல் எண் சராசரியாக 3 ஏறியது. 2024இல் வெளிவந்த ஆய்வு இது. முப்பது வயதுக்குட்பட்ட, பிரஷரே இல்லாத உடம்புகளில் 3. அறுபதை நெருங்குகிற, ஏற்கெனவே பிரஷர் உள்ள உடம்பில், நாலு மாதத்தில், பாதி மாத்திரையோடு எவ்வளவு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வாரம் இருமலுக்குச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தினமும் குடிப்பதுதான் சிக்கல். பிரஷர், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்த ஒரு வாரத்தையும் தவிர்ப்பது நல்லது.

ஆகவே இன்றே அந்த டீயை நிறுத்துங்கள். டெல்மிசார்ட்டனை உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த முழு அளவுக்கே கொண்டுவாருங்கள். இந்த வாரத்துக்குள் அவரைப் பார்த்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் அவர் அதைத் தனியாகக் கவனிப்பார், ஈ.சி.ஜி.யும் எடுப்பார். இதற்கிடையில் கைகால் துவண்டுபோனாலோ நெஞ்சு படபடத்தாலோ வாரம் முடியக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போய்விடுங்கள். டீயை நிறுத்தினாலும் அதன் வேலை மறுநாளே ஓயாது, இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். "நிறுத்தியும் குறையவில்லையே" என்று நாலாம் நாள் பதற வேண்டாம்.

மாத்திரைப் பட்டியலைக் கொண்டு போகும்போது மூட்டுவலிக்கு ஏதாவது போடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். நாள் முழுக்க நின்று பாடம் எடுப்பவர்கள் முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகை மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டிருக்கவும் கூடும்.

இனி செம்பருத்திக்கு வருவோம், ஏனென்றால் இதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 65 பேர் பங்கெடுத்தார்கள். லேசாகப் பிரஷர் உள்ளவர்கள். ஒரு பிரிவினர் 6 வாரம் தினமும் மூன்று கப் செம்பருத்தி இன டீ குடித்தார்கள். மற்றவர்களுக்கு அதே நிறத்தில், அதே சுவையில் ஒரு போலிப் பானம். டீ குடித்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7 குறைந்தது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1 சொச்சம்தான். ஒரு பிரஷர் மாத்திரை வழக்கமான அளவில் குறைப்பது சராசரியாக 9. ஒரு டீக்கு இது மோசமான மதிப்பெண் இல்லை. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த டீ உங்கள் டீ இல்லை. அவர்கள் கொடுத்தது நம் வாசலில் பூக்கிற செம்பருத்தியே அல்ல. அது ரோசெல் எனப்படும் செடி. ஆந்திராவில் கோங்குரா என்று பச்சடி செய்கிறார்களே, நாம் புளிச்சகீரை என்கிறோமே, அந்த வகை. அதிலும் பூவின் இதழ் இல்லை, பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு சிவப்பாக நிற்கிற புல்லிவட்டம். சூடானிலும் எகிப்திலும் அதைக் காயவைத்துக் கர்க்கதே என்று புளிப்பாக ஒரு பானம் போடுவார்கள். நம் ஊரில் செம்பருத்தி டீ என்று விற்பவற்றில் பல வீட்டுச் செம்பருத்தி இதழைக் காயவைத்தவை. பெயர் ஒன்று, செடி வேறு. ஒன்றின் ஆய்வைக் காட்டி இன்னொன்றை விற்பது, தம்பியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் காட்டி அண்ணன் வேலைக்குப் போவது மாதிரி.

சரி, அசல் ரோசெல்லே கிடைத்தால் குடிக்கலாமா? மாத்திரையோடு கூட, உங்கள் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கப் குடிக்கலாம். புளிப்பு அதிகம், அல்சர் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். மாத்திரைக்குப் பதிலாக என்றால் கூடாது. 65 பேர் 6 வாரம் குடித்ததில் எண் குறைந்தது என்பது ஒன்று. டெல்மிசார்ட்டன், ஆம்லோடிபின் குடும்பத்து மருந்துகளைப் பல்லாயிரம் பேர் பல வருடம் சாப்பிட்டதில் பக்கவாதமும் மாரடைப்பும் குறைந்தன என்பது வேறு. நமக்கு எண்ணைக் குறைப்பது நோக்கமல்ல, பக்கவாதம் வராமல் இருப்பதுதான்.

மூலிகையே உதவாது என்று சொல்கிற கட்சி நான் இல்லை. உலகத்துக்கு முதன்முதலாகக் கிடைத்த நல்ல பிரஷர் மருந்துகளில் ஒன்று நம் நாட்டு வேரிலிருந்துதான் போனது. சர்ப்பகந்தா. 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அந்த வேரைத் தம் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். மேல்நாட்டு மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி விஞ்ஞானிகள் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பல வருடம் உலகம் முழுக்கப் பிரஷருக்கு அதைத்தான் கொடுத்தார்கள். பிரஷர் இறங்கியது. கூடவே மூக்கடைப்பு, வயிற்றுப்புண், சிலருக்கு மனச்சோர்வு. நல்ல மாத்திரைகள் வந்ததும் அது பின்னுக்குப் போனது. இன்றைக்கும் சில நாட்டு மருந்துக் கடைகளில் தூக்கத்துக்கும் பிரஷருக்கும் சர்ப்பகந்தா பொடி கேட்டால் மடித்துக் கொடுக்கிறார்கள். "மூலிகை, பக்கவிளைவு கிடையாது" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வேரின் ஞாபகம்தான் வரும். வேலை செய்கிற மூலிகை மருந்துதான். மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, ஒத்துக்கொள்ளாத ஆள் உண்டு, கூடச் சேரக் கூடாத மாத்திரை உண்டு. வேலையே செய்யாத மூலிகைக்குத்தான் பக்கவிளைவும் இருக்காது.

சித்த மருத்துவம்தான் மனதுக்கு ஒப்புகிறது என்றால் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. சென்னைக்கு வந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆங்கில மருந்து சாப்பிடுவதை அங்கே சொல்லுங்கள், அங்கே தருவதை இங்கே சொல்லுங்கள். லேபிளில் உரிம எண்ணோ தயாரிப்புத் தேதியோ இல்லாத பொடியை மட்டும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் அதுவும் பிரஷரை ஏற்றும்.

மருதம்பட்டை இதயத்துக்கு என்று பேர் வாங்கியது. ஆனால் பிரஷருக்கு அதை நம்பி மாத்திரையைக் குறைக்கும் அளவுக்குச் சான்று கிடையாது. ஆவாரம்பூவுக்கும் அதே பதில். சுக்கு, ஏலக்காய் பற்றிக் கவலை வேண்டாம்.

பூண்டு பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் டீச்சர், பூண்டு ஊறுகாயா? ஊறுகாயில் பூண்டு ஒரு பங்கு நல்லது செய்தால், அதைக் கெடாமல் வைத்திருக்கும் உப்பு அதற்கு மேல் கெடுதல் செய்துவிடும். பூண்டை ரசத்தில் தட்டிப் போடுங்கள், குழம்பில் முழுப் பல்லாகப் போடுங்கள். காப்ஸ்யூல் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்கு அது ரத்தக்கசிவைக் கூட்டலாம். பீட்ரூட் சாற்றுக்கும் ஓரளவு சான்று இருக்கிறது, பொரியலாகவே சாப்பிடுங்கள். மக்னீசியம், மீன் எண்ணெய் என்று ஆன்லைனில் வரும் டப்பாக்களுக்குப் பணம் போட வேண்டாம். குறைபாடு இல்லாதவருக்கு அவற்றால் பிரஷரில் கிடைப்பது சொற்பம்.

இந்துப்பைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். நிறம் இளஞ்சிவப்பு, விலை பல மடங்கு. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் அதுவும் சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடுதான். மிச்சமிருக்கும் தாதுக்களின் அளவு உடம்புக்குக் கணக்கில் வராது. பல பாக்கெட்டுகளில் அயோடினும் சேர்ப்பதில்லை. இந்துப்புதானே என்று ஒரு சிட்டிகை கூடப் போடுகிற பழக்கம்தான் நான் பார்க்கிற பெரிய தொல்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. எல்லா உப்பும் சேர்த்துத் தட்டையாக ஒரு டீஸ்பூன். நாம் சாப்பிடுவது சராசரியாக 8 கிராம் அளவில் இருக்கிறது. அந்த மூன்று கிராம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது உங்கள் வீட்டு அடுக்களைக்குத் தெரியும். ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய். உப்பில்லாத சாதத்தில் உப்புப் போட்டுத் தயிர் பிசைவது. என் அம்மா மாத்திரையை வேளை தவறாமல் போட்டுவிட்டு, "அதான் மாத்திரை போட்டாச்சே" என்று இரண்டு மோர் மிளகாயை எடுத்துக்கொள்வார். டாக்டர் வீட்டிலேயே அப்படித்தான்.

உப்புக்கு மாற்றாக, பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பு என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அது வேறு கதை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் அந்த வகை உப்பைச் சோதித்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. எந்த மூலிகை டீக்கும் இப்படி ஒரு சான்று நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால், அந்த உப்பு பொட்டாசியத்தை அளவுக்கு மேல் ஏற்றிவிடும். இறங்கினாலும் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து என்கிற சரக்கு பொட்டாசியம். ரத்தப் பரிசோதனை முடிவை வைத்து மருத்துவர் சரி என்றால் வாங்குங்கள்.

மாத்திரையால் கிட்னி போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். கிட்னியைக் கெடுப்பது பிரஷர். பிரஷர் மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்கு இருபது வருடம் கழித்துச் சிறுநீரகம் தளர்ந்தால் ஊர் மாத்திரையைக் கை காட்டும். பாதி நாள் சாப்பிடாமல் விட்டதை யாரும் சொல்ல மாட்டார்கள். சிறுநீரில் புரதம் போகிற நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவென்றே நாங்கள் கொடுப்பது டெல்மிசார்ட்டன் குடும்பத்து மருந்தைத்தான். மாத்திரையைக் குறைக்க முடியுமா என்றால், முடியும். எடை இறங்கி, உப்பு குறைந்து, தினம் முக்கால் மணி நேரம் நடந்து, மாதக்கணக்கில் எண் கட்டுக்குள் இருந்தால் மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். என் நோயாளிகளில் சிலர் ஒரு மாத்திரைக்கு இறங்கியிருக்கிறார்கள். வீட்டில் பிளேடை வைத்து உடைத்து யாரும் இறங்கியதில்லை. ஆம்லோடிபின்தான் வீக்கம் தருகிறது என்று தெரிந்தால் அதற்கும் வேறு மாத்திரை இருக்கிறது, கேளுங்கள். விலையும் பெரிய தடை இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, இலவசமாக. உங்கள் டீ பொடிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

அந்த 164/98ஐ நான் முழுதாக நம்பவில்லை. பேங்க் வரிசையில் நின்று, வெயிலில் நடந்து வந்து, மெடிக்கல் ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்த உடனே பார்த்த எண் அது. புஜத்தில் கட்டுகிற மிஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையில் மாத்திரைக்கு முன்னால் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை, ஏழு நாள். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கால் தரையில் படிய, கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பிறகு பாருங்கள். பார்க்கும்போது பேசக் கூடாது. காபிக்குப் பிறகு அரை மணி நேரமாவது போக வேண்டும். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதி 24 எண்களுக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் பார்த்த சராசரி 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போனால் அவர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார். எப்போதாவது 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் என்று எது இருந்தாலும், மறுபடி அளந்து பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பிரிக்காத பாக்கெட்டைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்கும் பிரஷர் என்று நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்களே. வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதை மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டிவிட்டு, வரும் வழியில் குப்பையில் போட்டுவிடுங்கள். பொட்டாசியம் எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.